கால் சுற்று

எடைமுகக் கண்ணாடிக்குக் கீழே ஒரு திருகாணி.
இடப்பக்கம் கால் சுற்று சுற்றினால்
மூட்டைக்கு இரண்டு கிலோ என்னுடையது.
எனக்கு முன்னிருந்த எழுத்தன்
சாவிக்கொத்தோடு இதையும் சொல்லிவிட்டுப் போனான்,
மழைக்காலத்தில் கதவு சிக்கும் என்று சொல்வதுபோல.

ஒன்பது அறுவடை.
செஃப்விக் காட்டின் கொக்கோவெல்லாம்
என் கொக்கியில் தொங்கி இளைத்தது.
ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டையில்
காணிக்கைத் தட்டு ஏந்தியவனும் நான்தான்.
சில்லறை விழ விழ
எவ்வளவு கனம் என்று கை தானாகப் பார்க்கும்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம்.
கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தில்
கடன் என்ற சொல் வரும் இடத்தில் தொண்டை அடைத்தது.
எல்லாரும் ஆமென் சொல்லி, பெஞ்சுகளை நகர்த்தி,
விளக்கையும் அணைத்தார்கள்.
நான் அந்தச் சொல்லிலேயே நின்றிருந்தேன்.

இரவு கொட்டகைக்குப் போனேன்.
டார்ச் வெளிச்சத்தில் ஹர்மட்டான் புழுதி மிதந்தது.
ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அவன் வந்துவிட்டான்.
குரல் என் குரல்தான்.
கணக்கு மட்டும் என்னைவிட நன்றாக வரும்.
ஒபெட்டின் பள்ளிக் கட்டணம் ஜனவரியில், என்றான்.
லாரியில் காய்ந்து குறையும் எடையை
உன் சம்பளத்தில்தானே பிடிக்கிறார்கள், என்றான்.
அடுத்த அறுவடையிலிருந்து நேர்மையாய் இரு,
யார் வேண்டாம் என்றது?

ஒன்பது வருஷமாய்
அவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் தோற்றேன்.
அதனால் அன்று பதில் சொல்லவில்லை.
ஆண்டவர் பேரைச் சொன்னேன்.
ஜெபம்கூட இல்லை, வெறும் பேர்,
இருட்டில் படியிறங்குகிறவன் சுவரைத் தொடுவதுபோல.
இயேசுவே.
கை நடுங்கியது.
இயேசுவே.
வலப்பக்கம்.

மனந்திரும்புதல் என்று போதகர் சொல்லும்போதெல்லாம்
பெரிய திரும்பல் என்று நினைத்திருந்தேன்,
குறுகிய சாலையில் பாரலாரி திரும்புவதுபோல.
கால் சுற்றுதான்.
துருப்பிடித்திருந்தது. கிறீச்சிட்டது. மணிக்கட்டு வலித்தது.

அதோடு முடிந்தது என்று
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், முட்டாள்.

விடிந்ததும் முதல் ஆளாக மாமே செர்வா.
ஒரே டப்பாவால்
முப்பத்திரண்டு டப்பா அளந்து கட்டுகிறவள்.
என் தராசில் எப்போதும் அறுபத்திரண்டு.
முள் அறுபத்துநான்கில் போய் நின்றது.
"என்ன எரஸ்து,
என் கொக்கோ ராத்திரியில் சூல் கொண்டதா?"
வரிசை முழுக்கச் சிரிப்பு.

மறுபடி அவன், காதோரம்:
சாக்கு ஈரம் என்று சொல்.
ஹர்மட்டானில் ஈரம்!
ஆனாலும் என் உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்துவிட்டது,
உண்மையாகவே குவிந்துவிட்டது.

திருகாணியைக் காட்டினேன்.
காட்டிய விரலை மடக்க முடியவில்லை.
சிரிப்பு பின்வரிசை வரை ஒவ்வொருவராய் அணைந்தது.
யாரோ வெட்டுக்கத்தியை மறுகைக்கு மாற்றினார்கள்.

"எத்தனை வருஷம்?"
"ஒன்பது."
விரல் மடக்கி எண்ணினாள்.
ஏழாவது விரலில் வெகுநேரம் நின்றாள்.
அந்த வருஷம் அவள் வீட்டில் என்ன நடந்ததென்று
ஊருக்கே தெரியும்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் வாய் எழவில்லை.
மூட்டையை இரண்டு தட்டுத் தட்டி,
"மறுபடி நிறு" என்றாள்.

இறக்கினேன். ஏற்றினேன்.
தனியாள் தூக்கும் பாரமில்லை அது.
மூட்டையின் ஒரு காது என் கையில்,
மறு காது யார் கையில் என்று
திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.
அந்தக் கையில் தழும்பு இருந்திருக்கும்.

முள் ஆடி ஆடி நின்றது.
அறுபத்துநான்கு.

"மறுபடி."